கறிக்குச் சேவல் ஒன்று

என் இடது முட்டிக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு உண்டு. வலது புருவத்தில் ஒன்று. தலையில், முடிக்குள் மறைந்தபடி ஒரு மேடு. முதுகில் இருப்பதை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சாட்டைவார் என்று சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இத்தனை அடையாளம் உள்ளவனைக் கண்டால் பெரிய சண்டியர் என்று ஒதுங்கி நடப்பார்கள். என்னைக் கண்டு ஆடுகூட ஒதுங்கியதில்லை. நான் சண்டை போட்டு வாங்கியவை அல்ல அவை. சண்டை நடந்த இடங்களில் நின்றுகொண்டிருந்து வாங்கியவை. எல்லாம் ஒரே வருஷத்தில், ஒரே சேவலால் வந்து சேர்ந்தன.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். எங்களுக்குப் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே கொஞ்சம் மேட்டாங்காடு இருந்தது. அதில் ஒரு கிணறும் இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். மழை பெய்தபின் கிணறு எதற்கு என்று நான் கேட்டதற்கு அப்பன் மண்கட்டியை எடுத்து எறிந்தார். அண்ணன்மார்களுக்கெல்லாம் கடைசியாகப் பிறந்தவன் நான். அந்தக் காட்டில் எனக்கென்று மிஞ்சியது வரப்புதான். அதையும் பங்காளி பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தான்.

என் அக்காளைக் கட்டிய மச்சான் இலங்கையில், மலைமேல், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தவர், கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்ள, உன்னையும் அங்க கூப்புட்டுக்கோணும்னு உங்கக்கா அழுகறா. கூப்புட்டுக்கறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங் மச்சான்."

"எதுத்த கடைக்காரன் ஒரு சேவ வெச்சிருக்கறான். நான் உட்ட சேவலையெல்லாம் அது கொன்னுபோட்டுது. அத்தனையும் அவன் ஊட்டுச் சட்டியில வெந்துச்சு. ஞாயித்துக்கெழமையானா என்ற கடைக்கு முன்னால வந்து நின்னு ஏப்பம் உடறானப்பா! எனக்கு நம்மூர்ச் சேவ வேணும். அதோட வந்தீன்னா என்ற கல்லாவுல உக்காரு. வெறுங்கையோட வந்தீன்னா மம்பட்டி இருக்குது, தோட்டத்துல கொண்டுபோயி உட்டுப்போடறேன்."

ஏப்பத்துக்கு இத்தனை கோபமா என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்துச் சேவல்கட்டில் சேவல் காலில் கத்தி கட்டி விடுவார்கள். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். செத்தாலும் சரி, குற்றுயிராகக் கிடந்தாலும் சரி, கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. காலைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவேண்டியதுதான். அந்தக் கறிக்கு உள்ள ருசி வேறு எந்தக் கறிக்கும் கிடையாது; பத்து மிளகாய் கூடுதலாகப் போட்டாற்போல இருக்கும். கோச்சையைப் பறிகொடுத்தவன் ஊருக்குள் தலைகாட்டமாட்டான். ஜெயித்தும் கோச்சையை விட்டுவிட்டு வந்தவன் அவனைவிடக் கேவலம். அப்படி ஒருவன் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை, நான் வரும்வரை.

எங்கள் வீட்டிலேயே மச்சான் கேட்ட மாதிரி ஒரு சேவல் இருந்தது. கீரி நிறம். கழுத்தில் மயிர் குறைவு, மனதில் இரக்கம் அதைவிடக் குறைவு. தீனி வைத்த கையைக் கொத்தும், வைக்காத கையையும் கொத்தும். அப்பனிடம் கேட்டேன்.

"தை நோம்பிக் கட்டுல நீயே கொண்டுபோயி உடு. ஜெயிச்சு வந்தா எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

சோளம் அறுத்த காட்டில் கட்டு. கட்டைகள் குத்திட்டு நின்ற தரையில் நாலு ஊர்ச் சனம் வட்டம் போட்டு நின்றது. எனக்கு எதிரே சேவல் பிடித்து நின்றவர் எடப்பாடிப் பக்கத்து ஆள். அவர் தொடை என் இடுப்பளவு இருந்தது. அவர் சேவல் கருப்பு, பளபளவென்று எண்ணெய் தேய்த்தது போல. விட்டதும் இரண்டும் ஒரே சமயத்தில் எழும்பின. எழும்பினது இரண்டு, நின்றது ஒன்று. கருப்பின் மார்பு, கத்தி போன பக்கம் பை வாய் திறந்தாற்போலத் திறந்துகிடந்தது. ரத்தம் என் கண்ணிலும் வாயிலும் தெறித்தது. சனம் ஓவென்று கத்தியது. என் சேவல் செத்ததன் மேல் ஏறி நின்று இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கத்தியை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கோச்சையை எடுக்கக் குனிந்தால், அதன்மேல் எடப்பாடிக்காரர் கால் இருந்தது.

"தொட்டீன்னா கையி இருக்காது. என்ற சேவ இன்னும் சாவுல."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஊர்ப் பெரியவர்களைப் பார்த்திருக்கவேண்டும். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் கிளம்பிவிடும்.

"சாவுலீங்களா? அப்பக் காலை எடுங்க, பாவம், எந்திரிச்சு ஊட்டுக்குப் போவட்டும்" என்றேன்.

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் கைத்தடி என் தலையில் இறங்கிய சத்தத்தை நான் வெளியிலிருந்து கேட்பது போலக் கேட்டேன். யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்றே நினைத்தேன். அதற்குள் எங்கள் ஊர் ஆட்கள் பாய்ந்தார்கள். அவர் ஊர் ஆட்களும் பாய்ந்தார்கள். தடி முறிந்தவன் கல்லை எடுத்தான், கல் தீர்ந்தவன் பல்லை எடுத்தான். ஒருவன் காது பாதி அறுந்து தொங்க, அதைக் கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் அடித்துக்கொண்டிருந்தான். மண்ணும் ரத்தமும் கலந்து சோளக்காடு மழை பெய்தாற்போல ஆனது. நான் என்ன செய்தேன்? ஓடினேன். சேவல் அக்குளிலிருந்து எட்டி என் புருவத்தைக் கிழித்தது. பயந்தவன் கையில் இருப்பது அதற்குக் கேவலமாக இருந்திருக்கும்.

வாசலில் அப்பன் நின்றார்.

"கோச்சை எங்கடா?"

"சேவ தப்பிச்சிருச்சுங்கப்பா."

"கோச்சை எங்கடான்னு கேட்டேன்."

"அங்கயே பத்திரமா இருக்குதுங்க. அவரு மிதிச்சுப் புடிச்சுக்கிட்டிருக்கறாரு."

வண்டியில் தொங்கிய சாட்டையை அப்பன் எடுத்தார். மாட்டை அடிக்கும்போது அவர் கொஞ்சம் யோசிப்பார், மாடு காசு போட்டு வாங்கியது.

"இனி கோச்சையை உடுவியா?" சுளீர். "உடுவியா?" சுளீர்.

"உடமாட்டேனுங்க! உடமாட்டேனுங்கப்பா!"

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லையா, காதில் விழவில்லையா, தெரியவில்லை. கை ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் சேவலைக் கூடையில் போட்டு, மேலே வலையைக் கட்டி என்னிடம் கொடுத்தார். கட்டுக்கத்திகள் இருந்த தோல் உறையையும் கொடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை. அங்கயாச்சும் கோச்சையைக் கையில புடி" என்றார். முதுகு அத்தனை எரிந்தது, ரயிலில் சாய்ந்து உட்காராமலே ராமேசுவரம் பக்கம்வரை போன ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன்.

ரயிலில் எனக்கு எதிரே ராசிபுரத்து நெசவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சேலை மூட்டையோடு பலமுறை இலங்கை போய்வந்தவர். வழியில் ஏறிய ஒருவன் என் கூடையைத் தலைகாணி என்று நினைத்துச் சாய்ந்தான். சேவல் வலைக்குள்ளிருந்து அவன் காதைப் பிடித்தது. அவன் எழுந்து என் கன்னத்தில் அறைந்தான். அவன் தம்பி யார் அடி வாங்கியது என்று தெரியாமல் மறுகன்னத்தில் அறைந்தான். நெசவுக்காரர்தான் இருவரையும் பிடித்து உட்காரவைத்தார். பிறகு என் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது கத்திச் சேவலுங்களா?"

"ஆமாங்க."

"அந்தக் கரையில சுங்கத்துல இப்பிடி ஆமாங்கன்னு சொல்லிப்போடாதீங்க. சண்டைச் சேவல்னா புடுங்கிக்குவாங்க. எது கேட்டாலும் திங்கற பொருளுன்னு சொல்லுங்க. திங்கறதுக்குத் தொந்தரவு இல்லீங்."

"இதைத் திங்க முடியுமுங்களா? இது நம்மளத் தின்னுபோடுமே."

"சொல்லத்தானுங்க சொல்றேன்!"

மண்டபத்தில் தோட்டத்துக்குப் போகிற சனத்தையெல்லாம் இறக்கி, நோய் பார்க்கும் முகாமுக்கு ஓட்டிப் போனார்கள். நான் கடைக்காரரின் மச்சினன் என்பதால் எனக்கு ஊசியோடு விட்டது. ஊசி குத்தியவன் கைவிரலைச் சேவல் கொத்தி எடுத்தது. அது என் கட்சியில் நின்றது அந்த ஒரு தடவைதான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, குடலையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் இறங்கினேன்.

தகரக் கொட்டகைக்குள் நீள மேசை போட்டிருந்தது. அதுதான் சுங்கம். எனக்கு முன்னால் நின்றவனின் தலையணையை ஒரு காவலாள் கத்தியால் கிழித்தான். பஞ்சுக்குள்ளிருந்து புகையிலைக் கட்டு விழுந்தது. அதே தலையணையால் அவன் முகத்தில் அடித்து, மயிரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். மேசை ஓரத்தில் அவன் பல் ஒன்று கிடந்தது. ஒரு அம்மாளின் ஊறுகாய்ப் பானையை உடைத்துப் பார்த்தார்கள். அதில் ஊறுகாய்தான் இருந்தது. அம்மாள் வைத வசவுகளை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மெல்லிய குரல். அந்த மேசைமேல் இன்னொரு அதிகாரியும் நடந்துகொண்டிருந்தார்: ஒரு வெள்ளைச் சேவல். கப்பல்காரத் துரை ஒருவர் பரிசாகக் கொடுத்ததாம். கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கித் தின்று கொழுத்து, கொண்டை சரிந்து, எங்கள் சாமான்கள்மேல் கழிந்துகொண்டே போயிற்று. அதிகாரி இடையிடையே அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பெட்டியைத் திறவும். என்ன கொண்டு வாறீர், நீரே சொல்லும்."

"வேட்டிங்க, துண்டுங்க, அக்காளுக்குச் சேலைங்க, எள்ளுருண்டைங்க."

"கூடைக்குள்ள என்ன?"

"சேவலுங்க."

"சண்டைச் சேவலோ?"

"ஐயோ, இல்லீங் சாமி. கறிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "கறிக்குச் சேவல் ஒண்டு." பிறகு தோல் உறையைப் பிரித்தார். கத்திகள் மேசைமேல் விழுந்தன. "உதென்ன?"

"வெங்காயம் அரியறதுங்க."

"உங்கட ஊரில வெங்காயம் திருப்பி அடிக்குமோ?"

காவலாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகாரி மட்டும் சிரிக்காமல் ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார்.

"சண்டைச் சேவல் எண்டால் பறிமுதல். கறிக்கெண்டால் தடையில்லை. ஆனால் கோழிகளுக்கு நோய் திரியுது, உயிரோட உள்ளுக்கு விடேலாது. இஞ்ச வச்சே அறுத்துக்கொண்டு போம். உம்மட வெங்காயக் கத்தியாலயே."

திரும்பி நெசவுக்காரரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதை இப்போதுதான் முதல்முறை காண்பவர் போல. அறுத்தால் மம்பட்டி. உண்மையைச் சொன்னால் பறிமுதல், அதற்கும் மம்பட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லாப்பெட்டி தூரத்தில்தான் தெரிந்தது. நேரத்தை ஓட்டலாம் என்று வலையை மெதுவாக அவிழ்த்துச் சேவலை வெளியே எடுத்தேன்.

அது என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் நின்ற வெள்ளையைப் பார்த்தது.

நான் இறுகப் பிடித்துத்தான் இருந்தேன் என்று இன்றும் சத்தியம் செய்வேன். விட்டுவிட்டேன் என்று அதிகாரி சொன்னார். அது திமிறி இறங்கியதில் கால்முள் கிழித்து, இடது முட்டிக்குக் கீழே தீப்பட்டாற்போல இருந்தது. குனிந்து பார்த்தால் எலும்பு வெளியே என்னை எட்டிப் பார்த்தது. நிமிர்வதற்குள் சேவல் மேசைமேல் இருந்தது. கத்தி கட்டாத வெறுங்கால்தான். அதன் முள்ளே போதும். முதல் எழும்பலில் வெள்ளையின் கொண்டை பிய்ந்து அதிகாரியின் தாள்மேல் விழுந்தது. வெள்ளை ஓடிப் பார்த்தது. ஊறுகாய்க்குள் ஓடியது, என் அக்காள் சேலைமேல் ஓடியது, போன இடமெல்லாம் சிவப்பு. ஒரு காவலாள் தடியை வீசினான். அடி இன்னொரு காவலாள் முழங்கையில் விழுந்தது. கீரி கடைசியாக ஒருமுறை எழும்பி, கழுத்தில் முள்ளை இறக்கி, இழுத்தது. வெள்ளை மேசை விளிம்பிலிருந்து தலை தொங்க விழுந்து, கால்களை இரண்டுமுறை உதைத்து, அடங்கியது.

புத்தி உள்ளவன் அந்த நேரத்தில் அதிகாரி காலில் விழுந்திருப்பான். இன்னும் புத்தி உள்ளவன் கடலில் விழுந்திருப்பான். நான் நொண்டிக்கொண்டே நாலு எட்டு வைத்தேன், குனிந்தேன், சுங்கத்துச் சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். தலை யோசிக்கவே இல்லை. முதுகு யோசித்தது.

காவலாட்கள் என்மேல் விழுந்தார்கள். தோளில், விலாவில், தொடையில். அரசாங்கத் தடி தழும்பு விடாமல் எலும்புவரை போகும், பழகிய கை. "போடடா கீழ! விடடா!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அடிக்க அடிக்க என் கை இறுகியது. கீழே விழுந்தும் விடவில்லை. என் காதில் விழுந்தது அவர்கள் குரல் அல்ல.

"உடமாட்டேனுங்க! உடமாட்டேனுங்கப்பா!" என்று கத்தினேன்.

அதிகாரி கையை உயர்த்தினார். அடி நின்றது. மெல்ல வந்து என் எதிரே குந்தினார். கண் கலங்கியிருந்தது. எனக்காக இல்லை.

"செத்த சேவலை ஏன் காணும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறீர்?"

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "தோத்தது ஜெயிச்சவனுக்குங்க. கோச்சைங்க. உடக்கூடாதுங்க. எங்கூர் மொறைங்க சாமி."

"அப்ப உது சண்டைச் சேவல்."

என் வாய் மறுபடியும் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டது எனக்குப் புரிந்தது.

"ஆமாங்க."

அவர் எழுந்துபோய், கொண்டையைத் தட்டிவிட்டுத் தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மேசைமேல் நின்ற கீரி சிந்திய அரிசியைக் கொத்த ஆரம்பித்திருந்தது. அவர் கையை நீட்டினார். கொத்தி எடுக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அது கண்ணைச் சொருகி நின்றது. குஞ்சிலிருந்து தீனி போட்டு வளர்த்த எனக்கு அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"எழுதினதை நான் அழிக்கிறதில்லை" என்றார். "கறிக்குச் சேவல் ஒண்டு. அது உம்மட தோளில கிடக்கு, செத்தும் போச்சு. கொண்டு போம். சண்டைச் சேவல் நீர் ஒண்டும் கொண்டு வரேல்லை. கடதாசியில அப்பிடி இல்லை. உது இஞ்ச நிக்கட்டும்."

கத்திகளையும் எடுத்துக்கொண்டார். வெங்காயம் அரியவாக இருக்கும்.

வெளியே வந்ததும் நெசவுக்காரருக்கு என்னை மறுபடி அடையாளம் தெரிந்தது. முட்டிக்குக் கட்டுப் போட்டுவிட்டார். வெள்ளையின் வயிற்றைச் சுத்தம் செய்து, உப்பும் மஞ்சளும் வாங்கித் தடவி, பனையோலையில் சுற்றிக் கொடுத்தார். "நான் சொன்னது சரியாப் போச்சுங்களா தம்பி? திங்கறதுக்குத் தொந்தரவு இல்லீன்னேனுங்களே" என்றார். அவரை அடிக்கக் கை தூக்கினேன். கை மேலே வரவில்லை.

மலை ஸ்டேஷனில் மச்சான் காலிக் கூடையைப் பார்த்தார். ஓலைப்பொதியைப் பார்த்தார். வீங்கிய என் மூஞ்சியைக் கடைசியாகப் பார்த்தார்.

"சேவ எங்கடா?"

"ஜெயிச்சிருச்சுங் மச்சான்."

அறைந்தார். ரயிலில் வாங்கிய இரண்டுக்கும் இது வட்டி. முழுக்கதையும் சொல்லி முடித்ததும் இன்னொன்று அறைந்துவிட்டு, பொதியைப் பிரித்து முகர்ந்தார். "சர்க்கார்ச் சேவலா இது?" என்றார். குரல் மாறியிருந்தது. அக்காள் மிளகாயை அள்ளிப்போட்டுக் குழம்பு வைத்தாள். மச்சான் கழுத்து எலும்புவரை சூப்பினார். பிறகு கடைக்கு முன்னால் போய் நின்று, எதிர்க்கடையைப் பார்த்து, மலை அதிர ஓர் ஏப்பம் விட்டார்.

"சர்க்கார் கோச்சை தின்னவண்டா நானு! நீ எந்த மூலைக்குடா!"

அன்றைக்கு அந்த வீதியில் அவர்தான் ராஜா. அந்த மகிழ்ச்சியில் கல்லாவில் உட்காரவைத்துவிடுவார் என்று நான் விலா வலியோடு சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

பிற்பாடு நெசவுக்காரர் ஊருக்குப் போனபோது அப்பனைப் பார்த்து எல்லாம் சொன்னாராம். அப்பன் சேவலைப் பற்றிக் கேட்கவில்லை, என் காலைப் பற்றியும் கேட்கவில்லை. "கோச்சை கையில இருந்துதுங்களா?" என்று மட்டும் கேட்டாராம். இருந்தது என்றதும் நெசவுக்காரருக்கு மோர் கொண்டுவரச் சொன்னாராம்.

ஏப்பம் விட்ட மறுநாள் காலையில் மச்சான் என் தோளைத் தட்டி எழுப்பினார். நிஜமாகவே அன்பாகத்தான் எழுப்பினார். கையில் மம்பட்டி இருந்தது. புதுக் கைப்பிடி, என் உயரத்துக்குச் சரியாகச் சீவி, எண்ணெய் தடவி ஊறவைத்தது. ஒரு ராத்திரியில் அப்படி ஊறாது. நோம்பிக்கு வந்தபோது என்னை உட்காரவைத்துப் பேசிய கையோடு திரும்பிப் போய், மனுஷன் முதல் வேலையாக அதைத்தான் செய்திருக்கிறார்.